பத்தில் எட்டா, பத்தாயிரத்தில் எட்டா?

காய்ச்சல் வார்டில் காலைச் சுற்று முடிந்து வெளியே வரும்போது உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் பாதி எண்களைப் பற்றியவையாகவே இருக்கும். "பிளேட்லெட் இன்னிக்கு எத்தனை?" என்பது முதற்கேள்வி. அடுத்த கேள்வி பெரும்பாலும் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும். "டாக்டரய்யா, மாவட்டத்துக்கே எட்டுப் பேருக்குத்தான் டெங்குன்னு பேப்பர்ல போட்டிருக்காவ. எங்க தெருவுலயே எட்டுப் பேரு காய்ச்சல்ல கிடக்காவளே, எதை நம்புறது?"

இது நியாயமான கேள்வி. அரசு மறைக்கிறது என்று சிலரும், தெருவில் உள்ளவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று சிலரும் உடனே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டு எண்களும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும் என்பதை விளக்க வார்டு வாசலில் எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறோம்.

நோயைப் பற்றிச் சொல்லப்படும் எந்த எண்ணும் தனித்து நின்றால் பொருள் தராது. எட்டு என்றால் எத்தனை பேரில் எட்டு? எந்தக் காலத்துக்குள் எட்டு? எந்த எல்லைக்குள் எட்டு? யாரையெல்லாம் நோயாளி என்று கணக்கில் சேர்த்தார்கள்? நூறு பேர் வாழும் ஒரு தெருவில் ஒரு வாரத்தில் எட்டுப் பேர் நோயுறுவது பெரிய ஆபத்து. பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஓராண்டு முழுவதும் சேர்த்து எட்டு என்றால் அது முற்றிலும் வேறு நிலை. செய்தித்தாளில் தலைப்புக்கு இடம் கிடைப்பது மேலே உள்ள எண்ணுக்குத்தான். பின்னத்தின் கீழே இருக்கவேண்டிய எண் பெரும்பாலும் அச்சேறுவதில்லை.

நம் பகுதியிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டு கோடையில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியது. தென்காசியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் உள்ள கடையநல்லூர் அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த ஏப்ரல், மே மாதங்களை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இங்கு உண்டு. அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரும்போது, மற்றவர்கள் முகத்தில் காணாத ஓர் அச்சத்தை அவர்கள் முகத்தில் நாங்கள் காண்கிறோம்.

அந்த ஆண்டு முழுவதும் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படி 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது. 66 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய 2011இல் நோயுற்றோர் 2,501 பேர், இறந்தோர் 9 பேர். ஒரே ஆண்டில் நோய் ஐந்து மடங்காகியது என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் ஒருவருடைய அச்சத்துக்கு விடை தர இது போதாது. அவருக்கு வேண்டியவை இரண்டு தனித்தனி விடைகள்: எனக்கு இந்நோய் வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு? வந்துவிட்டால் இறக்கக்கூடிய வாய்ப்பு எவ்வளவு?

முதல் கேள்விக்குப் புதுநோய் வீதம் விடை தருகிறது. குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோயுற்றவர்களின் எண்ணிக்கையை, நோய் வரக்கூடிய நிலையில் இருந்த மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பது இது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7 கோடியே 21 லட்சம். 12,826ஐ இதனால் வகுத்தால், அந்த ஓராண்டில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 18 பேர் நோயுற்றனர் என்று வரும். அதே ஆண்டில் இந்தியா முழுவதும் பதிவானவை 50,222. நாட்டின் 121 கோடி மக்களுக்கு வகுத்தால் லட்சத்துக்கு நான்கு பேர். அதாவது நாட்டின் சராசரியைப் போல நான்கு மடங்குக்கும் மேல் தமிழ்நாட்டில் பதிவாகியிருந்தது.

இரண்டாம் கேள்விக்குரிய விடை வேறொரு பின்னத்தில் இருக்கிறது. இங்கே கீழே வரவேண்டிய எண் மாநிலத்தின் மக்கள்தொகை அன்று, நோயுற்றவர்களின் எண்ணிக்கை. 12,826 பேரில் 66 பேர் என்றால் ஆயிரத்துக்கு ஐந்து பேர். இதை நோயுற்றோரில் இறப்பு விகிதம் என்கிறோம். முழு மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் டெங்குவால் இறந்தவர்கள் பத்து லட்சத்துக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு. இது இறப்பு வீதம். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. லட்சத்துக்கு 18 என்னும் புதுநோய் வீதத்தை, ஆயிரத்துக்கு 5 என்னும் இறப்பு விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். அதே இறப்பு வீதம் கிடைக்கும். கொசுவை ஒழித்தால் முதல் எண் குறையும். நோயாளியை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து முறையாகக் கவனித்தால் இரண்டாவது எண் குறையும். முதல் வேலையின் பெரும்பகுதி உங்கள் வீட்டில் நடக்கவேண்டியது. இரண்டாவதில் நாங்களும் நீங்களும் பங்காளிகள்.

2017ஆம் ஆண்டின் எண்களை இதன் அருகே வைத்துப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு நோய் உறுதியாகி 65 பேர் இறந்தனர். இறந்தோர் எண்ணிக்கையை மட்டும் படிப்பவர், ஐந்து ஆண்டுகளில் எதுவுமே மாறவில்லை என்று நினைப்பார். பின்னமாக எழுதினால், ஆயிரத்துக்கு ஐந்தாக இருந்த இறப்பு விகிதம் மூன்றுக்கும் கீழே வந்திருப்பது தெரியும். நோய் வந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது. நோய் வருவதைத் தடுப்பதில் நாம் பின்தங்கிவிட்டோம். ஒரே எண்ணுக்குள் ஒரு நற்செய்தியும் ஒரு கெட்ட செய்தியும் மறைந்திருந்தன. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பரிசோதனை வசதி பெருகும்போது இலேசான காய்ச்சல்காரர்களும் கணக்கில் சேர்வார்கள். கீழே உள்ள எண் பெரிதாகும். சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே விகிதம் குறைந்தது போலத் தோன்றும். இக்குறைவில் எவ்வளவு சிகிச்சையால், எவ்வளவு பரிசோதனையால் என்று இவ்விரு எண்களைக் கொண்டு மட்டும் பிரித்துவிட முடியாது.

இனி, தெருவில் எட்டு, மாவட்டத்திலும் எட்டு என்ற புதிருக்கு வருவோம். டெங்குக் கிருமி உடலுக்குள் புகுந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். காய்ச்சல் கண்டவர்களில் சிலர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பார்கள். சிலர் தனியார் ஆய்வகத்தில் அட்டைப் பரிசோதனை செய்து கொள்வார்கள். தேசியத் திட்டத்தின் விதிப்படி, உறுதிப்படுத்தப்பட்ட டெங்கு என்று எண்ணப்பட எலைசா முறையில் செய்த பரிசோதனை வேண்டும். விரைவு அட்டையில் மட்டும் தெரிந்தால் அது டெங்குவாக இருக்கக்கூடும் என்ற அளவிலேயே வைக்கப்படும். இப்படி ஒவ்வொரு படியிலும் சிலர் விடுபட, உச்சியில் எஞ்சியவர்களே நாளிதழில் இடம்பெறுகிறார்கள். மறுபுறம், தெருவில் படுத்திருக்கும் எட்டுப் பேருக்கும் டெங்கு என்று கொள்ளவும் முடியாது. சாரல் காலத்தில் சளிக்காய்ச்சல், டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாமே தொடக்கத்தில் ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கும்.

ஆகவே ஒரே விதியைப் பின்பற்றி வாரந்தோறும் எண்ணப்படும் அரசுக் கணக்கு, நோயின் முழு அளவைக் காட்டாவிட்டாலும் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டும். தெருக்கணக்கு அதைச் செய்யாது. ஆனால் எங்கு முதலில் தேடவேண்டும் என்று தெருக்கணக்கு சொல்லும். ஒரே தெருவில் ஒரு வாரத்துக்குள் பலருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் நகராட்சிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தெரிவியுங்கள். எங்களிடம் சொன்னாலும் போதும், நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

எல்லை பற்றியும் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் நம் மாவட்டமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. சுமார் 14 லட்சம் மக்கள் பழைய மாவட்டத்தின் கணக்கிலிருந்து விலகி இங்கு வந்தனர். அதற்கு முன்னும் பின்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் பதிவான நோயாளிகளை ஒப்பிட்டு, அங்கே நோய் குறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும்? குறைந்தது மாவட்டத்தின் பரப்பு.

குற்றாலத்தின் சிக்கல் இன்னும் விசித்திரமானது. பேரூராட்சியில் நிலையாக வாழ்வோர் சில ஆயிரம் பேரே. ஜூனில் சாரல் தொடங்கியதும் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளிக்க வருவோர் எத்தனையோ லட்சம். இங்கே கண்டறியப்படும் காய்ச்சல்களை ஊர்க்காரர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் குற்றாலம் நோய்க்கூடம் போலத் தோன்றும். நேர்மாறான பிழையும் நேரும். டெங்குக் கொசு கடித்தபின் காய்ச்சல் தோன்ற நான்கு முதல் பத்து நாள்கள் ஆகும். இரண்டு நாள் தங்கி அருவியில் குளித்துவிட்டுப் போனவர், கடிபட்டது குற்றாலத்து விடுதியில் என்றாலும், படுப்பது மதுரையிலோ கோயம்புத்தூரிலோதான். அவர் அந்த ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடுவார். சேர்க்கும்போது "கடந்த இரண்டு வாரத்தில் எங்கெல்லாம் போய்வந்தீர்கள்?" என்று எங்கள் செவிலியர் கேட்பதற்குக் காரணம் இதுதான். வம்புக்காகக் கேட்பதாக நினைத்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு.

இதுவரை சொன்னது சில நாள்களில் வந்துபோகும் நோயைப் பற்றி. சர்க்கரை நோய்ப் பிரிவில் அமர்ந்து இதைப் படிக்கும் வாசகர்களுக்கு இன்னொரு அளவுகோல் தேவைப்படும். பேரருவியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அதை எளிதில் விளக்கிவிடலாம். மேலிருந்து விழும் நீர் நேரே நம் தலைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, நிறைந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது. மேலிருந்து ஒவ்வொரு நொடியும் புதிதாக வந்து விழும் நீர் புதுநோய் வீதம். குழிக்குள் இந்நேரம் நிற்கும் நீர் நோயிருப்பு வீதம். அதாவது பழையவர் புதியவர் என்ற வேறுபாடின்றி இன்றைக்கு நோயோடு வாழ்பவர்கள் அனைவரும் மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்பது. குழியிலிருந்து வெளியேறும் வழிகள் இரண்டு: குணமடைதல், இறத்தல்.

டெங்கு வந்தவர் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் குழியைவிட்டு வெளியேறிவிடுகிறார். எனவே எவ்வளவு வேகமாக வந்து விழுந்தாலும் குழியில் அதிகம் தங்குவதில்லை. சர்க்கரை நோய் அப்படியன்று. சிறுகச் சிறுக விழுந்தாலும் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவி நடத்திய ஆய்வின் முதற்கட்ட முடிவுகள் 2011இல் வெளிவந்தபோது, தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 10.4 சதவீதத்தினர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாகத் தெரிந்தது. நகரங்களில் 13.7 சதவீதம், கிராமங்களில் 7.8 சதவீதம். 2023இல் வெளியான நாட்டளவிலான முடிவு 11.4 சதவீதம்; தலைக்கணக்கில் 10 கோடிக்கும் மேல்.

இவ்வகை எண் ஏறும்போது அதைக் கெட்ட செய்தி என்று மட்டும் படிக்காதீர்கள். புதிதாக நோயுறுவோர் கூடினாலும் அது ஏறும். நோயுற்றவர்கள் முன்னைவிட நீண்ட காலம் நலமாக வாழ்ந்தாலும் ஏறும். இருபது ஆண்டுகளாக எங்கள் பிரிவுக்குக் கையில் பழைய குறிப்பேட்டுடன் வந்து, கண்ணும் சிறுநீரகமும் கெடாமல் காத்துவரும் ஒரு பாட்டியும் அந்தச் சதவீதத்துக்குள் ஒருவர். அவர் அந்த எண்ணைக் கூட்டுகிறார் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

மீண்டும் டெங்குவுக்கே வருகிறோம், தடுப்பைப் பற்றிச் சொல்லவேண்டியது அங்கேதான் அதிகம்.

2012இல் நம் பகுதியில் நோய் பரவியது மழைக்காலத்தில் அன்று, கோடையில் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மழை பெய்தால் கொசு என்று பழகிப்போன மனத்துக்கு இது முரணாகப் படும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. சுத்தமாகத் தேங்கிய நீரே அதற்கு உகந்தது. குழாயில் சில நாள்களுக்கு ஒருமுறை மட்டுமே தண்ணீர் வரும் கோடையில், வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், அண்டா, குடம் என்று சேமித்து வைக்கிறோம். தண்ணீர்ப் பஞ்சமே கொசுவுக்குத் தொட்டில் கட்டித் தருகிறது. இதற்கு இல்லத்தரசிகளைக் குறைசொல்வது சரியன்று என்பது எங்கள் கருத்து. நாள்தோறும் தண்ணீர் வந்தால் யாரும் பத்து நாள் தண்ணீரைக் காத்துவைக்கப் போவதில்லை.

முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வெளிவர ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். ஆகவேதான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு. ஏழு நாளுக்குள் ஒருமுறை தொட்டியை முழுதும் காலிசெய்து காயவைத்தால் அந்தத் தலைமுறை அங்கேயே முடிந்தது. தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். காலிசெய்ய முடியாத பெரிய தொட்டியை இடைவெளியின்றித் துணியால் கட்டி மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஆட்டுரல், பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர், சிரட்டை ஆகியவற்றையும் பாருங்கள். இக்கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலை மயங்குவதற்கு முன்பும் அதிகம். பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும். காய்ச்சல் வந்தவருக்கும் வேண்டும், அவரைக் கடித்த கொசுவே அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

வீடு வீடாக வந்து மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் செய்வதும் ஓர் எண்ணிக்கைதான். நூறு வீடுகளைப் பார்த்து பன்னிரண்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அந்தப் பன்னிரண்டு வீடுகளிலும் சேர்த்து இருபது பாத்திரங்களில் புழு இருந்தால் பிரெட்டோ குறியீடு 20. நோயாளி ஒருவர்கூட மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே அந்தத் தெருவின் ஆபத்தை இவ்வெண்கள் சொல்லிவிடும். அதனால் எங்கள் வார்டில் எண்ணப்படும் எந்த எண்ணையும்விட இவை பயனுள்ளவை என்றே கருதுகிறோம். பணியாளரை வாசலிலேயே நிறுத்தி "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பினால் நூறு தொண்ணூறாகிவிடும். விடுபட்ட பத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் தொட்டியில் இடும் அபேட் மருந்து, உரிய அளவில் இட்டால் குடிநீருக்கும் அனுமதிக்கப்பட்டதே. தெருவில் அடிக்கும் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தொட்டியிலுள்ள புழுவைத் தொடாது. புகை எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பதால் அதற்கு மவுசு அதிகம்.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. 2012 பரவலின்போது அரசு மருத்துவமனைகளிலேயே அது வழங்கப்பட்டது. "குடிச்சோம், எங்க வீட்டுல யாருக்கும் வரலை" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் குடிக்காத வீடுகளிலும் பெரும்பாலானோருக்கு வரவில்லையே. குடித்தவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர், குடிக்காதவர்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று இரண்டு வீதங்களையும் அருகருகே வைத்தால்தான் விடை கிடைக்கும். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இதைத்தான் செய்தார். ஒரே பகுதியில் இரண்டு நிறுவனங்கள் குழாய்நீர் வழங்கிவந்தன. ஒன்று நகரின் கழிவு கலக்கும் இடத்தில் தேம்ஸ் ஆற்றிலிருந்து நீர் எடுத்தது. மற்றொன்று கழிவு கலப்பதற்கு முன்பே, ஆற்றின் மேற்பகுதியில் எடுத்தது. முதல் நிறுவனத்தின் நீரைக் குடித்தவர்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு 315 பேரும், இரண்டாவதைக் குடித்தவர்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு 37 பேரும் இறந்திருந்தனர். காலராக் கிருமி எது என்று அன்று மருத்துவ உலகத்துக்குத் தெரியாது. ஆனாலும் நீரில்தான் தீங்கு இருக்கிறது என்று அந்த எட்டு மடங்கு வேறுபாடு காட்டிக்கொடுத்தது. நிலவேம்பானாலும் பப்பாளி இலைச்சாறானாலும் நாங்கள் எதிர்பார்ப்பது இத்தகைய ஒப்பீட்டைத்தான். அதுவரை எங்கள் வேண்டுகோள் ஒன்றே: குடிநீர் குடித்துவிட்டோம் என்று தொட்டியைக் கழுவாமல் இருந்துவிடாதீர்கள், காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்தும் விடாதீர்கள்.

நோய் வந்தபின் இறப்பைத் தடுப்பதும் தடுப்புதான். மருத்துவ நூல்கள் அதை இரண்டாம் நிலைத் தடுப்பு என்கின்றன. தீவிர டெங்குவைக் கவனியாது விட்டால் நூற்றில் இருபது பேர்வரைகூட இறக்க நேரிடும். உரிய நேரத்தில் கண்டு, நீர்ச்சத்தை அளந்து கொடுத்தால் அது ஒன்றுக்கும் கீழே இறங்கும். இவ்வளவு பெரிய வேறுபாட்டை விலையுயர்ந்த எந்த மருந்தும் தருவதில்லை, நேரம் தருகிறது. டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமன்று. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை, காய்ச்சல் தணிந்து "பிள்ளைக்குக் குணமாயிட்டு" என்று வீட்டார் நிம்மதியடையும் வேளையே அது. அப்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, கருமையான மலம், சில்லிட்ட கைகால், மயக்கம் அல்லது அடங்காத அமைதியின்மை, நான்கைந்து மணிநேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இரவென்றும் பாராமல் கொண்டுவாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்லோபினாக் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். உடல்வலிக்கு ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கையையே வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். இரத்தக்கசிவு இல்லாத ஒருவருக்கு, எண் இறங்கியது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. இரத்தம் கெட்டிப்படுகிறதா, இரத்த அழுத்தம் எப்படி, சிறுநீர் எவ்வளவு என்பவற்றையே நாங்கள் மணிக்கொருமுறை பார்க்கிறோம். ஒருமுறை ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "ஆயிரத்துல அஞ்சு பேருன்னு சொல்லுதியளே, அந்த அஞ்சுல என் மகன் வந்திருவானா?" எந்த விகிதமும் ஒரு தனி மனிதரைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயிரம் பேருக்குப் பொதுவான ஒரு பின்னத்தை வைத்து ஒரு தாய்க்கு ஆறுதலும் சொல்ல முடியாது, அச்சமும் ஊட்டக்கூடாது. அன்று நாங்கள் அவருக்குச் சொன்னது: மகன் காலையிலிருந்து மூன்று முறை சிறுநீர் கழித்திருக்கிறான், கை வெதுவெதுப்பாக இருக்கிறது, இரண்டும் நல்ல அறிகுறிகள், ஒவ்வொரு மணிக்கும் பார்த்துக்கொண்டிருப்போம்.

2012க்கு அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் 6,122 பேருக்கு டெங்கு உறுதியானது. அரசுக் கணக்கில் இறப்பு எதுவும் பதிவாகவில்லை. யார் இறக்காமல் தப்பினார், யாருக்கு நோயே வராமல் போனது என்று பெயர் சொல்லிக் காட்ட எந்தப் பதிவேடும் இல்லை. தடுப்பு வேலையின் குணம் அது. பலித்துவிட்டால் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அதனால்தான் அடுத்த ஆண்டு அதற்கு ஆளும் பணமும் ஒதுக்குவதில் தயக்கம் வருகிறது, வீட்டிலும் தொட்டி கழுவும் நாள் தள்ளிப்போகிறது.

டெங்கு என உறுதியானவர்களின் விவரத்தை நாங்கள் அரசுக்கு அறிவித்தாகவேண்டும். ஓரிரு நாளில் உங்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பணியாளர்கள் வருவார்கள். இக்கொசு பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குமேல் செல்வதில்லை. உங்கள் நோயாளியைக் கடித்த கொசுவின் பிறப்பிடம் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். நோயாளியுடன் ஒருவர் இங்கே இருக்க, வீட்டில் இருப்பவருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் வரும்போது கதவைத் திறந்து மாடிக்கும் கொல்லைக்கும் வழிவிடச் செய்யுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும் வேளையையும் ஒரு தாளில் எழுதி எங்கள் செவிலியரிடம் கொடுங்கள். மூன்றாம் நாள் எது, ஏழாம் நாள் எது என்று நாங்கள் எண்ணத் தொடங்குவது அதிலிருந்துதான்.